தொட்டி நிறைக்க ஓர் எஞ்சின்

கஜா அடித்து ஓய்ந்தபின் முதல் மூன்று நாளும் எங்கள் தெருவில் யாரும் மின்சாரத்தைப் பற்றிப் பேசவில்லை. பேச்செல்லாம் தென்னையைப் பற்றித்தான். 2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை. நள்ளிரவு தாண்டி நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய புயல், விடிவதற்குள் பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் தோப்பையும் துவைத்துவிட்டுப் போயிருந்தது. காலையில் வாசலுக்கு வந்து பார்த்தால், தாத்தா வைத்த மரங்கள் எல்லாம் ஒரே திசையில் தலைவைத்துப் படுத்துக் கிடந்தன. மின்கம்பங்கள் இடுப்பளவில் முறிந்து, உள்ளே இருந்த கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்கள் சாய்ந்ததாகப் பிறகு கணக்கு வந்தது. அதில் எங்கள் தெருவின் பங்கு 11.

நான்காம் நாள் மொட்டைமாடித் தொட்டி வறண்டது. அதன்பிறகுதான் எங்களுக்கு மின்சாரம் என்றால் என்ன என்று புரிந்தது. விளக்கு ஒரு பெரிய விஷயமே இல்லை. மாலை ஆறு மணிக்கு ஒரு அகலை ஏற்றி வைத்துவிட்டு, எட்டு மணிக்குள் சாப்பிட்டுப் படுத்துவிட்டோம். கார்த்திகை மாதம் என்பதால் மின்விசிறியும் தேவைப்படவில்லை. ஆனால் குடிக்க, குளிக்க, கழிப்பறைக்கு ஊற்ற என்று ஐந்து பேருக்கு ஒரு நாளைக்கு எத்தனை குடம் வேண்டும் என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? ஆழ்துளைக் கிணறு போட்ட கையோடு பழைய உறைகிணற்றைத் தூர்த்து, அதன்மேல் துளசிமாடம் கட்டிய புத்திசாலிகள் நாங்கள். தெருவில் மிஞ்சியிருந்தது பிள்ளையார் கோவில் அடிபம்பு ஒன்றுதான். அதன் முன்னால் விடியற்காலை மூன்று மணிக்கே குடங்கள் வரிசை கட்டின.

ஐந்தாம் நாள் ஒரு சரக்கு ஆட்டோவில் ஜெனரேட்டர் ஒன்று வந்தது. அதைக் கொண்டு வந்தவர் வீட்டுக்கு வீடு நிறுத்தி, மோட்டார் ஸ்டார்ட்டரின் மூடியைக் கழற்றி, இரண்டு வயரைக் கடிக்கவிட்டு, தொட்டி நிறைந்ததும் கழற்றிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். ஒரு தொட்டிக்கு 500 ரூபாய். யாரும் பேரம் பேசவில்லை. கைபேசிக்கு மின்னேற்றித் தர அவருடைய பையன் தனியாக வசூல் செய்தான். எங்களுக்கு மின்சாரம் திரும்பியது இருபத்தோராம் நாள். கேரளத்திலிருந்தும் வெளி மாவட்டங்களிலிருந்தும் வந்த மின் ஊழியர்கள் சேற்றில் நின்று கம்பம் நட்டதை இந்த ஊர் மறக்காது. அதற்குள் தண்ணீருக்காக நான் கொடுத்திருந்த காசைக் கூட்டிப் பார்த்தபோதுதான், சொந்தமாக ஒரு ஜெனரேட்டர் வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

சூடுபட்ட கையோடு எடுத்த முடிவு. டிசம்பர் கடைசியில் 2.2 கேவிஏ (ஜெனரேட்டரின் திறனைச் சொல்லும் அளவு) பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்றை 40,000 ரூபாய்க்குச் சற்று மேல் கொடுத்து வாங்கி வந்தேன். கையில் தூக்கிப் போகலாம். கயிறை இழுத்தால் இரண்டாவது இழுப்பில் உறுமும். வீட்டு விளக்கு அத்தனையும் எரிந்தன, மின்விசிறி சுற்றியது, தொலைக்காட்சியும் ஓடியது. மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “மோட்டாரைப் போடு” என்றார். பச்சைப் பொத்தானை அழுத்தினேன். ஜெனரேட்டர் ஒரு முறை முக்கியது, விளக்குகள் மங்கின, எஞ்சின் நின்றது. மறுபடி இழுத்தேன், மறுபடியும் நின்றது. “விளக்கெல்லாம் நன்றாகத்தான் எரிந்தது மாப்பிள்ளை, தொட்டியில் வெளிச்சத்தையா ஊற்றப் போகிறாய்?” என்று கேட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கடையில் விற்றவர் பொய் சொல்லவில்லை. நான்தான் தப்பாகக் கேட்டிருந்தேன். எங்கள் நீர்மூழ்கி மோட்டார் ஒன்றரை எச்.பி. ஒரு எச்.பி., அதாவது ஒரு குதிரைத்திறன், 746 வாட். ஆக ஒன்றரைக்கு ஆயிரத்து நூற்றுச் சொச்சம் என்று மனக்கணக்குப் போட்டு, 2.2 கேவிஏ தாராளம் என்று நினைத்தேன். அதில் மூன்று ஓட்டைகள். 746 என்பது மோட்டாரின் அச்சில் கிடைக்கும் வேலை. அதற்கு அது இழுக்கும் மின்சாரம் அதைவிட மிக அதிகம். அடுத்தது, கேவிஏ என்பது கிலோவாட் இல்லை. வழக்கமாக அதில் 80 சதவீதம்தான் கிலோவாட்டாகத் தேறும். கடைசி ஓட்டைதான் ஆளை அடித்தது. நின்றுகொண்டிருக்கும் மோட்டார் சுற்ற ஆரம்பிக்கும் அந்த ஓரிரு நொடியில், ஓடும்போது எடுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். மின்வாரியத்தின் கம்பிக்கு அது ஒரு கொசுக்கடி. சிறிய ஜெனரேட்டருக்கு அது மார்பில் விழும் குத்து. ஃபிரிட்ஜுக்கும் இதே குணம் உண்டு. ஓடும்போது 150 வாட் காட்டும் ஃபிரிட்ஜ், கம்ப்ரஸர் கிளம்பும்போது அதைப்போலப் பல மடங்கு கேட்கும். ஆகவே மோட்டாருக்காக வாங்குகிறவர்கள் மோட்டாரின் அளவைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு திறனுள்ள ஜெனரேட்டரைப் பார்ப்பது நல்லது. ஒன்றரை எச்.பி.க்கு 5 கேவிஏ.

இதற்கு மாற்றாக இன்வெர்ட்டரை ஏன் பெரிதாகப் போடக்கூடாது என்று கேட்பார்கள். 2012இல் சென்னைக்கு வெளியே பல மணி நேர மின்வெட்டில் நாங்கள் வெந்தபோது, வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது; எங்கள் வீட்டிலும் உண்டு. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் கணக்குப்படி 1.8 யூனிட் இருக்கிறது. பேட்டரியைக் கெடுக்காமல் எடுத்தால் ஒன்றேகால் யூனிட் கிடைக்கலாம். நான்கு மின்விசிறி, ஆறு விளக்கு என்றால் மூன்று மணி நேரம். வெட்டு முடிந்து மின்சாரம் வரும், திரும்ப ஏறிக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் செய்த சாதனம் அது. இருபது நாள் மின்சாரம் வராத ஊரில், இரண்டாம் நாளே அது ஒரு கனமான பெட்டி. கூரையில் சூரியத் தகடு வைத்த உறவினர் ஒருவர் அதைவிட ஏமாந்தார். பேட்டரி இல்லாமல் மின்வாரியத்தோடு இணைத்த சூரிய அமைப்பு, வெளி மின்சாரம் போன உடனே தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்கிறவர் மேல் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் உச்சிவெயிலில் தகடுகள் மின்ன, கீழே மின்விசிறி நிற்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது கொஞ்சம் கஷ்டம்.

சரி, என் பெட்ரோல் ஜெனரேட்டருக்கு வருகிறேன். மோட்டார் ஓடாவிட்டாலும் ஃபிரிட்ஜுக்காவது ஆகும், அம்மாவின் இன்சுலின் அதில் இருக்கிறது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு, தார்ப்பாய் போட்டு மூடிவைத்தேன். 2020 நவம்பரில் நிவர் புயல் என்று அறிவிப்பு வந்தது. கஜாவை அனுபவித்த டெல்டாக்காரனுக்குச் சொல்லவா வேண்டும்? தார்ப்பாயை உருவி, கயிற்றைப் பிடித்து இழுத்தேன். இருபது முறை இழுத்தேன், சோக்கைப் போட்டு இழுத்தேன், சோக்கை எடுத்துவிட்டு இழுத்தேன். தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம். மெக்கானிக் வந்து கார்புரேட்டரைக் கழற்றினார். அடியில் இருந்த சின்னக் கிண்ணத்தில் பெட்ரோல் காய்ந்து, தேன் நிறத்தில் வார்னிஷ் பூசினாற்போலப் படிந்திருந்தது. ஊசித்துளை அளவுள்ள ஜெட் அடைத்துப் போயிருந்தது. பழைய வயரிலிருந்து ஒரே ஒரு செப்பு இழையை உருவி அதைக் குத்தி எடுத்தார். “பெட்ரோலைப் பாலைப்போல நினைத்துக்கொள்ளுங்கள் சார், வாங்கினால் செலவு செய்துவிட வேண்டும்” என்றார். நிவர் வடக்கே மரக்காணம் பக்கம் கரையேறி எங்களை விட்டுவிட்டது. அன்று அது இங்கே வந்திருந்தால் என் ஜெனரேட்டர் வெறும் அலங்காரப் பொருள்தான்.

இந்தக் கெட்டுப்போகும் சங்கதி இப்போது இன்னும் முக்கியம். பங்க்கில் வரும் பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால். எத்தனாலுக்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம். தினமும் ஓடும் பைக்கில் எரிந்துபோகிற எரிபொருளுக்கு அது பெரிய பிரச்சினை இல்லை. மாதக்கணக்கில் டாங்கில் கிடக்கும் பெட்ரோலில், அதுவும் எங்கள் கடலோரக் காற்றில், ஈரம் ஏறி ஒரு கட்டத்தில் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து அடியில் தங்கும். பெட்ரோல் ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு முறையும் எரிபொருள் குழாயை மூடிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டும். கிண்ணம் காலியாகிவிடும். பிறகு டாங்கையும் வடித்துவிட வேண்டும். இந்த ஒரு பழக்கம் இருந்திருந்தால் என் தோள்பட்டை தப்பித்திருக்கும்.

எரிபொருளைப் பற்றி நான் உட்கார்ந்து யோசித்தது அதற்குப் பிறகுதான். எங்கள் சிறுவயதில் கடைத்தெருவில் மின்சாரம் போனால், ஜவுளிக்கடை வாசல்தோறும் ஒரு சிறிய மண்ணெண்ணெய் ஜெனரேட்டர் கத்தும். திருட்டுப் போகாமல் இருக்கச் சங்கிலியால் கம்பத்தோடு கட்டியிருப்பார்கள். பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் குழாயை மண்ணெண்ணெய்க்குத் திருப்ப வேண்டும். நிறுத்துவதற்கு முன்னால் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிச் சில நிமிடம் ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை கிளம்பாது. கடைப் பையன் அதை மறந்துவிட்டு முதலாளியிடம் வாங்கிக்கட்டிக்கொண்ட காட்சி எத்தனை முறை! அந்தக் காலம் போய்விட்டது. ரேஷன் மண்ணெண்ணெயை நம்பி இன்று ஓர் எஞ்சினை வாங்க முடியாது.

சமையல் எரிவாயுவில் ஓடும் ஜெனரேட்டர் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எரிவாயு கெடாது, கார்புரேட்டர் அடைக்காது, புகையும் குறைவு. ஆனால் வீட்டுக்கு வரும் 14.2 கிலோ உருளையைச் சமையல் தவிர வேறு எதற்கும் பயன்படுத்தச் சட்டம் இடம் தரவில்லை. 19 கிலோ வணிக உருளைதான் வாங்க வேண்டும். அது கிடக்கட்டும். கஜாவுக்குப் பிறகு சாலையில் விழுந்த மரங்களை அறுத்து எடுக்கவே நாள் கணக்கானது. உருளை ஏற்றிய வண்டி எப்படி வரும்? நகரத்தில், தெருக்கோடியில் கிடங்கு இருக்கிறவர்கள் யோசிக்கலாம்.

பெட்ரோலா டீசலா என்று வந்தபோது ஒரு தாளில் கணக்குப் போட்டேன். ஆயிரம் லிட்டர் தொட்டி நிறைய எங்கள் மோட்டாருக்கு அரை மணிக்குள்தான் ஆகும். தெருவுக்கும் கொஞ்சம் தண்ணீர், ஃபிரிட்ஜுக்குக் குளிர், இன்வெர்ட்டர் பேட்டரிக்குக் கொஞ்சம் உயிர், மாவு அரைக்க என்று எல்லாவற்றையும் அதே நேரத்தில் முடித்துக்கொண்டால் காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி போதும். மணிக்கு ஒன்றேகால் லிட்டர் என்று வைத்தால் நாளுக்கு இரண்டரை லிட்டர். இருபது நாளுக்கு 50 லிட்டர். இங்கேதான் பெட்ரோல் தோற்றது. உரிமம் இல்லாமல் ஒருவர் வைத்திருக்கக்கூடிய பெட்ரோல் 30 லிட்டர் வரைதான். சட்டம் அனுமதித்தாலும் நான் வைத்திருக்க மாட்டேன். நம் ஊர் வெப்பத்தில் பெட்ரோல் ஆவி எப்போதும் தீக்குத் தயாராக நிற்கிறது, பூஜை அறை விளக்கு எரிகிற வீட்டில் அது வேண்டாத விருந்தாளி. டீசல் அவ்வளவு முன்கோபி கிடையாது. 2,500 லிட்டர் வரை உரிமம் தேவையில்லை. ஒரு லிட்டரில் சிறிய பெட்ரோல் செட் ஒன்றரை, இரண்டு யூனிட் தரும் என்றால், டீசல் இரண்டரையாவது தரும்.

கணக்கைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. கஜாவுக்குப் பிறகு பங்க்கிலும் மின்சாரம் கிடையாது. மின்சாரம் இருந்த பங்க்கில் வரிசை, பிளாஸ்டிக் கேனைக் கண்டால் தர மாட்டோம் என்று விரட்டல். ஆனால் எங்கள் ஊருக்குள்ளேயே டீசல் இருந்தது. மாமா வீட்டு மாட்டுக்கொட்டகையில் டிராக்டருக்காக வைத்த பேரல், அறுவடை இயந்திரம் வைத்திருப்பவரின் கொல்லை, கடற்கரை ஊர்களில் விசைப்படகுக்காரர்கள். பெட்ரோலுக்கு நான் வெளியூரை நம்ப வேண்டும். டீசலுக்கு மாமாவின் கோபத்தைச் சமாளித்தால் போதும்.

2021 தையில், மூடிவிட்ட ஓர் அரிசி ஆலையிலிருந்து பழைய 5 கேவிஏ டீசல் செட் ஒன்றை வாங்கினேன். காற்றில் குளிரும் ஒற்றை சிலிண்டர், நிமிடத்துக்கு 1,500 சுற்று. நம் மின்சாரத்தின் நொடிக்கு 50 சுழற்சியைத் தர இரண்டு வழி உண்டு: 3,000 சுற்றில் ஓடும் சிறிய எஞ்சின், அல்லது 1,500 சுற்றில் ஓடும் பெரிய எஞ்சின். முன்னது இலேசானது, மலிவானது, காதைக் கிழிக்கும், சீக்கிரம் தேயும். பின்னதை நான்கு பேர் சேர்ந்துதான் இறக்க முடிந்தது. வாங்கியது அப்போது என்பதும் ஓர் அதிர்ஷ்டம். 2023 ஜூலை முதல் புதிய ஜெனரேட்டர்களுக்குப் புகைக் கட்டுப்பாடு கடுமையாகி, புதிய டீசல் செட்டின் விலை ஏறிவிட்டது.

பேட்டரி வைத்த செல்ஃப் ஸ்டார்ட் வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். தேவைப்படும் நாளில் அந்த பேட்டரிதான் முதலில் செத்திருக்கும். ஹேண்டிலைப் போட்டுச் சுற்ற மாமாதான் கற்றுக்கொடுத்தார். வால்வைத் திறந்துவைக்கும் சின்ன நெம்புகோலைத் தூக்கிவிட்டால், எஞ்சின் இலேசாகச் சுற்றும். வேகம் பிடித்ததும் நெம்புகோலை விட வேண்டும். அவர் மூன்று முறை சொன்னது வேறொன்று. “கட்டைவிரலை அந்தப் பக்கம் வைத்துப் பிடிக்காதே மாப்பிள்ளை. ஐந்து விரலும் ஒரே பக்கம்.” எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்தால் ஹேண்டில் கையை விட்டு உருவிக்கொண்டு போக வேண்டும், கட்டைவிரல் சுற்றியிருந்தால் அதையும் முறித்துக்கொண்டு போகும். அவருடைய இடது கட்டைவிரல் ஏன் கொஞ்சம் கோணல் என்று அன்றுதான் தெரிந்தது.

வயர் போட வந்த எலக்ட்ரீஷியன், மின்வாரியத்துக்கும் ஜெனரேட்டருக்கும் இடையே மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் எதற்கு, இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயர் ஒன்றைச் செய்து தருகிறேன், ஏதாவது ஒரு சாக்கெட்டில் செருகிக்கொள்ளுங்கள் என்றார். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கும் வேலை. மெயினை அணைக்க ஒரு நாள் மறந்தால், நம் வீட்டு 230 வோல்ட் தெருக்கம்பி வழியாக டிரான்ஸ்ஃபார்மருக்குப் போய், தலைகீழாக 11,000 வோல்ட் ஆகி வெளியேறும். அந்த நேரத்தில் கம்பத்தில் ஏறி நிற்பவர், நமக்காகக் கேரளத்திலிருந்து வந்த ஒருவராக இருக்கலாம். வேறு ஆளை வைத்து, ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துத் துண்டிக்கும் சுவிட்சைப் போட்டேன். ஒரு பக்கம் மின்வாரியம், ஒரு பக்கம் எஞ்சின். இரண்டும் ஒருபோதும் சந்திக்காது.

எஞ்சினை வைக்கும் இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கஜாவின்போது பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில், மழைக்கும் திருட்டுக்கும் பயந்து, கிரில் போட்ட முன்கூடத்திலேயே வாடகை ஜெனரேட்டரை ஓட்டினார்கள். அரை மணியில் பாட்டிக்குத் தலைச்சுற்றல், பிள்ளைகளுக்கு வாந்தி. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தார்கள். யாரோ கதவைத் திறந்துவிட்டதால் பிழைத்தார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசமும் இல்லை, நிறமும் இல்லை. நான் வீட்டிலிருந்து 20 அடி தள்ளி, கொல்லையில் மூன்று பக்கம் திறந்த ஓட்டுக்கொட்டகை போட்டேன். தரையை இரண்டடி உயர்த்தினேன். 2015 வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ அடுக்ககங்களில் ஜெனரேட்டர் அடித்தளத்தில் மூழ்கிக் கிடந்ததைக் கேட்டிருக்கிறேன்.

என் தங்கை சென்னையில் மூன்றாம் மாடியில் இருக்கிறாள். அண்ணா, நானும் டீசல் வாங்கட்டுமா என்று கேட்டாள். வேண்டவே வேண்டாம் என்றேன். பால்கனியில் எஞ்சினை ஓட்ட முடியாது. அவளுக்குத் தண்ணீர் மோட்டார் பொதுவானது. நல்ல பேட்டரி ஒன்று, 30 வாட்டில் சுற்றும் மின்விசிறி மூன்று. அவளுக்கு அதுவே போதும்.

டீசலிலும் தொல்லை உண்டு. அடியில் தண்ணீர் சேரும், அதை வடிக்க வேண்டும். ஒரே ஒரு விளக்கை எரியவிட்டு மணிக்கணக்கில் ஓட்டினால், எரியாத எண்ணெய் புகைபோக்கியில் கரியாகப் பிடிக்கும்; சுமை கொடுத்துத்தான் ஓட்ட வேண்டும். இன்வெர்ட்டர் முதலில் இந்த மின்சாரத்தை வாங்க மறுத்தது. பின்பக்கம் இருந்த சிறிய சுவிட்சை யூபிஎஸ் நிலையிலிருந்து மாற்றிவைத்த பிறகுதான் ஏற்றுக்கொண்டது.

மாதம் ஒரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது விதி. தேதி நினைவில் நிற்காது என்பதால் அமாவாசை என்று வைத்துக்கொண்டேன். அம்மா படையலுக்கு அடுப்பைப் பற்றவைக்கும்போது நான் கொல்லையில் ஹேண்டிலைச் சுற்றுவேன். மோட்டார், ஃபிரிட்ஜ், கிரைண்டர் என்று ஒவ்வொன்றாக ஏற்றி முக்கால் மணி நேரம். வெளிச்சுவரில் தெருப்பக்கம் ஒரு குழாயும் வைத்திருக்கிறேன். அன்று அதையும் திறந்து பார்ப்பேன். போன மாதம் எஞ்சின் டக்டக் என்று பிடித்ததும் எதிர்வீட்டுப் பெரியம்மா வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். “அட, இன்றைக்கா அமாவாசை? நாளைக்கு என்றல்லவா நினைத்திருந்தேன்” என்று சொல்லிவிட்டு, வாழைக்காய் வாங்கக் கடைக்கு ஓடினார்.